தோலுக்கு ஒரு வேலை, சாற்றுக்கு ஒரு வேலை

தமிழ் வீடுகளில் எலுமிச்சை என்றால் சாறுதான். சர்பத்துக்குப் பிழிவார்கள், எலுமிச்சை சாதத்துக்குப் பிழிவார்கள், ரசத்தை இறக்கியதும் அரை மூடி பிழிவார்கள். பிழிந்த மூடி குப்பைக்குப் போகும். மிஞ்சிப்போனால் பாத்திரம் கழுவும் தொட்டி ஓரத்தில் ஒரு நாள் கிடக்கும். ஊறுகாயில் மட்டுமே தோலுக்கும் மரியாதை. டிசம்பர் மாதம் கேக் செய்யும் வீடுகளில் இந்த வழக்கம் தலைகீழாகிவிடுகிறது. அங்கே முதலில் வேண்டியது தோல். பழத்தை நறுக்குவதற்கு முன்பே அதன் மேல்தோலைத் துருவி எடுத்துக்கொள்கிறார்கள். சாறு அதற்குப் பிறகுதான்.

இதில் காரணம் இருக்கிறது. ஒரே பழத்துக்குள் இரண்டு தனித்தனிப் பொருள்கள் இருக்கின்றன. தோலில் இருப்பது வாசனை எண்ணெய். சுளையில் இருப்பது புளிப்பு அமிலம். எண்ணெயால் ஆகும் வேலையை அமிலம் செய்யாது, அமிலத்தால் ஆவது எண்ணெயால் ஆகாது. எது எதற்கு என்று தெரிந்துகொண்டால் கேக்கும் மணக்கும், வீடும் துலங்கும். தெரியாவிட்டால் அடுக்களை மேடையே பாழாகவும் கூடும்.

எலுமிச்சைத் தோலை உற்றுப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். அவை எண்ணெய்ப் பைகள். தோலை மடித்து அழுத்தினால் மெல்லிய தூவலாகத் தெறிக்கும். அந்தத் தூவலை எரியும் மெழுகுவத்தி பக்கம் காட்டினால் சட்டென்று பொறி பறக்கும். லிமோனீன் என்ற எளிதில் தீப்பற்றும் பொருள் அதில் நிறைய இருப்பதுதான் காரணம். லிமோனீன் நீரில் கரையாது. நெய்யிலும் வெண்ணெயிலும் நன்றாகக் கரையும். பிசினையும் பசையையும் இளக்கும். புது எவர்சில்வர் பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பிய்த்தபின் மிஞ்சும் பிசுபிசுப்பைத் தோலின் வெளிப்பக்கத்தால் அழுத்தித் தேய்த்தால் அது நெகிழ்ந்து வரும்.

சுளைக்குள் வேறு உலகம். சாற்றில் நூற்றுக்கு ஐந்து ஆறு பங்கு சிட்ரிக் அமிலம். 1784-இல் ஸ்வீடனைச் சேர்ந்த வேதியியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே எலுமிச்சைச் சாற்றிலிருந்துதான் இதை முதன்முதலில் படிகமாகப் பிரித்தெடுத்தார். இன்று மளிகைக் கடையில் ‘எலுமிச்சை உப்பு’ என்று பொட்டலத்தில் விற்பதும் இதே அமிலம்தான். ஆனால் அது எலுமிச்சையிலிருந்து வருவதில்லை. சர்க்கரைக் கரைசலில் ஒரு வகைக் கரும்பூஞ்சையை வளர்த்தால் அது சிட்ரிக் அமிலத்தைச் சுரக்கும் என்று ஜேம்ஸ் கர்ரி 1917-இல் காட்டினார். இரண்டே ஆண்டுகளில் அது அமெரிக்காவில் பெருந்தொழிலாகிவிட்டது.

தோலுக்கும் சுளைக்கும் நடுவே இருக்கும் வெள்ளைப் பகுதி கசக்கும். துருவும்போது நிறமுள்ள மேல்தோல் மட்டும் வரவேண்டும். வெள்ளை தெரிந்ததும் கையை நிறுத்திவிட வேண்டும். கேக் கசந்துபோனது என்று வருந்துபவர்களில் பலர் தவறுவது இந்த இடத்தில்தான்.

நம் ஊர்ப் பழத்தில் இதற்குக் கூடுதல் கவனம் வேண்டும். ஐரோப்பிய சமையல் புத்தகங்கள் சொல்வது நீள்வட்டமான, தடித்த மஞ்சள் தோலுள்ள பழத்தை. தமிழ்நாட்டுச் சந்தையில் கிடைப்பது உருண்டையான, சிறிய, மெல்லிய தோலுள்ள பழம். இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் வேறு வேறு இனம். நம்முடையதில் புளிப்பும் காரமான மணமும் தூக்கல். தோலோ காகிதம் போல இருக்கும். வெளிநாட்டுச் செய்முறையில் ‘ஒரு பழத்தின் தோல்’ என்று இருந்தால் நம் பழத்தில் இரண்டு, சில சமயம் மூன்று தேவைப்படும். தென்காசி மாவட்டத்துப் புளியங்குடியை எலுமிச்சை நகரம் என்றே அழைக்கிறார்கள். அங்கிருந்து லாரி லாரியாகக் கேரளத்துக்குப் போகிறது இந்தப் பழம். கோடையில் சர்பத் கடைகளின் தேவையால் விலை ஏறும். 2022 ஏப்ரலில் ஏறிய ஏற்றத்தை இல்லத்தரசிகள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். டிசம்பரில் அந்த நெருக்கடி பெரும்பாலும் இருப்பதில்லை. கேக் காலத்துக்கு அது வசதி.

இனி எளிய எலுமிச்சை கேக் ஒன்று. மைதா, சர்க்கரை, வெண்ணெய் ஒவ்வொன்றும் 200 கிராம், முட்டை நான்கு, பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், எலுமிச்சை மூன்று. பழங்களை வெந்நீரில் கழுவித் துடைத்து, மேல்தோலைத் துருவி, துருவலைச் சர்க்கரையில் போட்டு விரல்களால் இரண்டு நிமிடம் பிசற வேண்டும். இந்தப் படியைத் தாண்டிப் போய்விடக் கூடாது. சர்க்கரையின் கூர்மையான மணிகள் எண்ணெய்ப் பைகளைக் கிழிக்கும், சர்க்கரை ஈரமணல் போலாகும், மணம் அடுக்களையைத் தாண்டி வாசலுக்கு வரும். அந்தச் சர்க்கரையை வெண்ணெயோடு சேர்த்து வெளுக்கும் வரை அடிக்கும்போது எண்ணெய் வெண்ணெயில் கரைந்து தங்கிவிடுகிறது. பிறகு முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடித்து, மைதாவையும் பேக்கிங் பவுடரையும் சலித்துக் கலந்து, 180 டிகிரி செல்சியஸில் முக்கால் மணி நேரம் வேகவைத்தால் போதும். சாறு கடைசியில்தான் வரும். மூன்று பழங்களின் சாற்றையும் 75 கிராம் சர்க்கரையையும் கலந்து, கேக்கை இறக்கிய சூட்டிலேயே குச்சியால் துளைகள் போட்டு மேலே ஊற்ற வேண்டும். முதலிலேயே மாவில் விட்டால் சாற்றின் புத்துணர்வு வெந்து மங்கிவிடும்.

மின்னடுப்பு இல்லாத வீடுகளிலும் கேக் நின்றுபோனதில்லை. பிரஷர் குக்கரின் அடியில் ஒரு கை கல்லுப்பையோ மணலையோ பரப்பி, மேலே ஒரு பிரிமனை வைத்து, கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் வெறுமனே சூடாக்கி, பிறகு கேக் தகரத்தை உள்ளே வைத்துச் சிறு தீயில் வேகவைப்பது வெகு காலமாகவே நம் வீடுகளில் நடக்கிறது. கழற்ற வேண்டியவை இரண்டையும் கழற்றிவிட்டோமா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. அதற்கும் முந்திய தலைமுறையில் அடியிலும் மூடியிலும் கரி நெருப்பு வைத்துச் சுட்டார்கள். கலந்த மாவைத் தட்டோடு பக்கத்து பேக்கரிக்குக் கொண்டுபோய் அவர்கள் அடுப்பில் சுட்டு வாங்கி வந்த குடும்பங்களும் உண்டு.

முட்டை சேர்க்காத கேக்கில் எலுமிச்சையின் அமிலம் நேராகவே களமிறங்குகிறது. சமையல் சோடா தனியாக இருந்தால் சோம்பேறி. அமிலம் பட்டதும் கரியமில வாயுவை வெளியிடும். ஒரு கிராம் சோடா முழுமையாக வினைபுரிந்தால் கால் லிட்டருக்கும் மேல் வாயு கிடைக்கும். அந்த வாயுதான் மாவுக்குள் குமிழ் குமிழாகச் சிக்கிக் கேக்கை உப்ப வைக்கிறது. கணக்கும் எளிது: கால் டீஸ்பூன் சோடாவுக்கு ஒரு மேசைக்கரண்டி சாறு. சாறு குறைந்தால் மிஞ்சிய சோடா நாக்கில் சோப்புச் சுவையாகத் தெரியும். ஒரு கோப்பைப் பாலில் ஒரு மேசைக்கரண்டி சாறு விட்டுப் பத்து நிமிடம் வைத்தால் பால் திரிந்து தடிமனாகும். அதையே மாவில் ஊற்றிப் பிசைகிறவர்களும் உண்டு. எப்படிச் செய்தாலும் கலந்தவுடன் அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். வாயு காத்திருக்காது.

தென்னிந்தியாவில் கிறிஸ்துமஸ் கேக் வேர்விட்ட கதையே கைக்குக் கிடைத்ததை வைத்துச் சமாளித்த கதைதான். தலச்சேரியில் ராயல் பிஸ்கட் தொழிற்சாலை நடத்திய மாம்பள்ளி பாப்புவிடம், 1883-இல் மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி இங்கிலாந்திலிருந்து வந்த கேக் ஒன்றைக் கொடுத்து, இதைப்போலவே செய்து தரக் கேட்டார் என்று பாப்புவின் குடும்ப வரலாறு சொல்கிறது. அதில் ஊற்ற பிரெஞ்சு பிராந்தி வேண்டும் என்றார் பிரவுன். பாப்பு முந்திரிப் பழத்திலிருந்து வடித்த உள்ளூர்ச் சாராயத்தையும் கதலிப் பழத்தையும் சேர்த்துச் செய்து முடித்தார். கேக்கைச் சுவைத்த பிரவுன் இன்னும் பன்னிரண்டு வேண்டும் என்றாராம்.

ஐரோப்பியக் கேக்கில் உலர்பழங்களோடு சர்க்கரைப் பாகில் ஊறிய எலுமிச்சை வகைத் தோலும் இருக்கும். நம் ஊர்க் கேக்கில் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது டூட்டி ஃப்ரூட்டி. சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக மின்னும் அந்தத் துண்டுகள் பெரும்பாலும் பச்சைப் பப்பாளி. மலிவு, அழகு, கடித்தால் இனிப்பு. ஆனால் மணம் என்று எதுவும் இல்லை. பெட்டியில் வாங்கும் பிளம் கேக்கில் ஏதோ குறைகிறது என்று தோன்றினால் அந்தக் குறை பெரும்பாலும் தோல்தான். வீட்டில் செய்பவர்கள் மாவில் இரண்டு எலுமிச்சையின் துருவலைச் சேர்த்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

இலங்கைத் தமிழர் வீடுகளுக்கு இது புதிதல்ல. அங்கே கிறிஸ்துமஸுக்குச் செய்யும் லவ் கேக்கில் ரவையும் முந்திரியும் தேனும் பன்னீரும் ஜாதிக்காயும் சேரும். கூடவே அங்கே தேசிக்காய் எனப்படும் எலுமிச்சையின் தோல் துருவலும் உண்டு. போர்த்துகீசியர், டச்சுக்காரர் வழியாக வந்து, தீவின் வாசனைத் திரவியங்களோடு கலந்து உருவான பண்டம் அது. அதே வீடுகளில் செய்யும் ரிச் கேக்கிலும் ரவை உண்டு, சர்க்கரையில் பதப்படுத்திய நீற்றுப்பூசணித் துண்டுகளும் உண்டு. இவ்வளவு இனிப்பைத் தாங்க ஒரு கசப்பு மணம் தேவை. அதைத் தோல் தருகிறது.

தென் மாவட்டங்களில் கிறிஸ்துமஸ் என்றால் கேக்கைவிட எண்ணெய்ச் சட்டிக்குத்தான் வேலை அதிகம். அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து, கல்கல் என்று டப்பா டப்பாவாக நிரம்பும். இங்கே எலுமிச்சை எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பதைத் தெரிந்துகொள்வது சுவாரசியமானது. குலாப் ஜாமூன் பாகில் சில துளி சாறு விடும் பழக்கம் பலருக்கும் உண்டு. அமிலமும் சூடும் சேர்ந்தால் சர்க்கரையின் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரியும். இந்த இரண்டும் நடுவே புகுந்துகொள்வதால் சர்க்கரை மறுபடி மணி மணியாகத் திரள முடிவதில்லை. பாகு பளபளவென்று அப்படியே நிற்கும். கல்கலுக்கோ நேர் எதிர். பொரித்த கல்கலைப் பாகில் புரட்டும்போது வெள்ளை வெளேரென்று சர்க்கரை பூத்துப் படிய வேண்டும். அங்கே சாறு விட்டால் பூக்கவே பூக்காது. கல்கல் பிசுபிசுவென்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

தூத்துக்குடி மக்ரூன் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும் ஒரு துளி அமிலம் கைகொடுக்கும். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரிப்பொடி இவை மூன்றும்தான் மக்ரூன். வெள்ளைக்கரு நுரைத்து எழுவதில் இருக்கிறது அத்தனை சூட்சுமமும். கொழுப்பு ஒட்டிய பாத்திரத்தில் நுரை எழும்பாது. ஆகவே பாத்திரத்தின் உட்புறத்தை எலுமிச்சை மூடியால் ஒரு தடவை துடைத்து, பிறகு துணியால் உலரத் துடைத்துவிட்டு அடிக்க வேண்டும். மிச்சமிருக்கும் சிறு புளிப்பு, நுரை சீக்கிரம் உடைந்து நீர்விடாமல் காக்கும்.

பண்டிகைச் சமையல் முடிந்தபின் மிஞ்சுவது பாத்திரக் குவியலும் ஒரு தட்டு நிறையப் பிழிந்த மூடிகளும். வீட்டு வேலை இங்கே தொடங்குகிறது.

பித்தளையும் செம்பும் கறுப்பது காற்றுப்பட்டு உலோகத்தின் மேல் படியும் ஆக்சைடால். சிட்ரிக் அமிலம் அதைக் கரைக்கும். பிழிந்த மூடியைத் தூள் உப்பில் தொட்டுக் குத்துவிளக்கைத் தேய்த்தால் புளியைப் போலவே துலக்கும். தேய்த்த கையோடு நன்றாகக் கழுவி ஈரம் போகத் துடைப்பது முக்கியம். அமிலம் தங்கினால் பச்சை பூக்கும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் புழங்கும் வீடுகளில் குழாய் முனையில் வெள்ளையாகக் கெட்டிப்பட்டிருப்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதன்மேல் மூடியைக் கவிழ்த்து, பிளாஸ்டிக் பையால் கட்டி ஒரு மணி நேரம் விட்டால் இளகிவிடும். வெந்நீர்க் கெட்டில் முழுவதும் படிந்திருந்தால் பழங்களை வீணாக்க வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பு போட்டுக் கொதிக்க வைத்து அரை மணி ஊறவிட்டால் அதுவே போதும்.

மீன் கழுவிய கையில் நிற்கும் வாடைக்கும் இதே அமிலம் மருந்து. அந்த வாடைக்குக் காரணமான அமீன்கள் காரத்தன்மை உள்ளவை. அமிலம் பட்டதும் உப்பாக மாறி, காற்றில் பறந்து மூக்குக்கு வராமல் நீரோடு போய்விடும். மஞ்சள் கறைக்கும் எலுமிச்சைக்கும் உள்ள உறவு ஆரத்தித் தட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும். அதில் எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். துணியில் விழுந்த சாம்பார் கறை சோப்பு பட்டதும் சிவப்பது இதே காரணத்தால்தான். எலுமிச்சை அந்தச் சிவப்பை மாற்றும், ஆனால் மஞ்சளைப் போக்காது. அதைப் போக்குவது வெயில்.

சோடாவையும் எலுமிச்சையையும் கலந்து பொங்கவிட்டுத் தொட்டியைத் தேய்த்தால் எல்லா அழுக்கும் போகும் என்று ஊரெல்லாம் பேசுகிறார்கள். பொங்குவது கண்ணுக்கு விருந்துதான். ஆனால் பொங்கி அடங்கும்போது அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டிவிட்டிருக்கும். மிஞ்சுவது சக்தியற்ற உப்புத் தண்ணீர். கேக்குக்குள் நமக்கு அந்த வாயுதான் வேண்டும். தொட்டியில் அது வீணே காற்றோடு போகிறது. எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோடா தனியாக, உப்புக் கறைக்கு எலுமிச்சை தனியாக என்று வைத்துக்கொண்டால் இரண்டும் முழுதாக வேலை செய்யும்.

எச்சரிக்கை தேவைப்படும் இடங்களும் உண்டு. பழைய வீடுகளின் அடுக்களை மேடை பெரும்பாலும் கடப்பா கல். அது சுண்ணாம்புக்கல் வகை. அதன்மேல் எலுமிச்சைச் சாறு நின்றால் கல்லே கரைந்து வெளுத்த தழும்பு விழும், பிறகு எதைத் தேய்த்தாலும் போகாது. பளிங்குக்கும் மொசைக் தரைக்கும் இதே கதி. கிரானைட் தாங்கும். கேக் தகரம் அலுமினியமாக இருந்தால் அதில் சாற்றை ஊறப்போட்டு இரவு முழுக்க விடக் கூடாது, குழி விழும். ஊறுகாயை நம் பாட்டிகள் பீங்கான் ஜாடியில் வைத்தது காரணமில்லாமல் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் எலுமிச்சையோ வேறு எந்தப் புளிப்போ படவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். அது நுரையீரலைச் சுடும்.

முகத்தில் எலுமிச்சை தேய்த்துக்கொள்ளச் சொல்லும் குறிப்புகளை நம்ப வேண்டாம். நம் ஊர்ப் பழத்தின் தோலிலும் சாற்றிலும் உள்ள சில பொருள்கள் சருமத்தில் இருக்கும்போது வெயில் பட்டால், ஓரிரு நாளில் தீப்புண் போலக் கொப்புளிக்கும், பல மாதம் கருமை நிற்கும். கூடை கூடையாகப் பிழிந்துவிட்டு வெயிலுக்குப் போகிறவர்கள் கையை மணிக்கட்டுக்கு மேல்வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் போவதே நல்லது.

இனி அடுத்த கிறிஸ்துமஸுக்கு ஒரு யோசனை. கேக்கில் போட டூட்டி ஃப்ரூட்டிக்குப் பதில் உண்மையான தோல் வேண்டும் என்றால் நம் மெல்லிய எலுமிச்சை அதற்கு ஒத்துவராது. ஆனால் பக்கத்திலேயே நார்த்தங்காய் இருக்கிறது. தடித்த தோல், தூக்கலான மணம்; உப்பில் சுருட்டிக் காயவைத்துத் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்வதோடு அதை நாம் விட்டுவிட்டோம். ஐரோப்பாவில் கேக்குக்காகப் பாகில் ஊறவைப்பதும் இதே குலத்துத் தடித்த தோல்தான். நார்த்தங்காயை நான்காகக் கீறித் தோலை உரித்து, தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து வடித்துவிட வேண்டும். புதுத் தண்ணீரில் இதையே மூன்று தடவை செய்தால் கசப்பு பெருமளவு இறங்கும். தோலின் எடைக்குச் சமமாகச் சர்க்கரையும், அது கரைய அளவாகத் தண்ணீரும், ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறும் சேர்த்துச் சிறு தீயில் தோல் கண்ணாடி போலத் தெரியும் வரை விட வேண்டும். எடுத்து இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, சர்க்கரையில் புரட்டி, காற்றுப் புகாத பாட்டிலில் போட்டுவிடலாம். நவம்பர் முதல் வாரத்தில் செய்து வைத்தால், உலர்திராட்சையோடு சேர்த்து ரம்மிலோ ஆரஞ்சுச் சாற்றிலோ ஊறவைக்கும் நாளுக்குத் தோல் தயாராக இருக்கும். ரம்மில் ஊறுவது வாரக்கணக்கில் வெளியிலேயே இருக்கலாம். ஆரஞ்சுச் சாறு என்றால் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு நாளுக்குள் கேக்கில் சேர்த்துவிட வேண்டும்.